பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது, பேக்கிங் சோடாவை அதே அளவு போடலாமா?

போடலாம், ஆனால் அதே அளவு வேண்டவே வேண்டாம். சோடா மூன்று நான்கு மடங்கு வீரியமானது, அளவு கூடினால் கேக் சோப்பு மாதிரி கசக்கும். அதைவிட முக்கியம், சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். பவுடருக்குள்ளேயே அந்தப் புளிப்பு காய்ந்த நிலையில் கலந்திருக்கிறது. சோடாவில் இல்லை, நாம்தான் சேர்க்க வேண்டும்.

1 டீஸ்பூன் பவுடருக்குப் பதில் கால் டீஸ்பூன் சோடா, கூடவே அரை கப் தயிர், அப்புறம் பால் எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதில் அரை கப்பைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மாவு நீர்த்துப்போய் நடுவில் வேகாமல் களியாக நிற்கும். தயிர் இல்லையா? 1 கப் பாலில் 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் லேசாகத் திரியும், தயிருக்குப் பதில் அதில் அரை கப் போதும்.

ஓவனை முதலிலேயே சூடாக்கி வையுங்கள். ஈரமும் உலர்ந்ததும் சேர்ந்ததுமே மாவின் மேல் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வர ஆரம்பிக்கும், அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது, அதனால் மாவை உடனே ஓவனில் வையுங்கள், அப்படியே வைத்திருந்தால் அதில் நிறைய போய்விடும்.

முட்டையும் இல்லையென்றால் ஒன்றுக்குக் கால் கப் மசித்த வாழைப்பழம் சேர்க்கலாம். வாசனை தூக்கலாக இருக்கும், சாக்லேட் கேக்குக்கு எனக்கு அது பிடிக்கும். மூன்று முட்டைக்கு மேல் கேட்கும் கேக்கில் மட்டும் இதை முயல வேண்டாம், அமுங்கிவிடலாம்.