முதலில் அப்பாவின் காதைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. அப்பாவுக்கு 58 வயது. ஜிபிஎஸ் என்ற நரம்பு நோய் வந்து, பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் ஏழு வாரமாக வென்டிலேட்டரில் இருக்கிறார். தொண்டையில் துளை போட்டிருக்கிறார்கள். சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். முதலில் கூப்பிட்டால் கண் சிமிட்டுவார். இப்போது கூப்பிட்டால் அசைவில்லை. முன்னால் போய் நின்றால் மட்டும் கண் மலர்கிறது. மூளையும் போய்விட்டது என்கிறார்கள் உறவினர்கள். காதில் பூண்டெண்ணெய் விடச் சொல்கிறார் அத்தை. என்ன செய்வது?

பதில்: எண்ணெய் வேண்டாம் அம்மா. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கும். ஓட்டை இல்லையென்றால், பறைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் நீரை அது எட்டவே எட்டாது.

நீர்தான் என்று நான் சந்தேகப்படுகிறேன். நெல்லியாம்பதி மலையேறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் டப்பென்று திறக்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் சின்னக் குழல் ஒன்று, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறந்து காற்றை அனுப்புகிறது. அப்பாவால் இப்போது சரியாக விழுங்க முடியாது. போதாததற்கு மூக்குக் குழாய் அந்தக் குழலின் வாயருகே உரசி வீக்கம் உண்டாக்கும். நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பதும் சேர்ந்துகொள்ளும். குழல் திறக்காததால், உள்ளே இருக்கிற காற்றை நடுக்காதின் உட்சவ்வு உறிஞ்சிவிட, பறை உள்வாங்கி, அந்த இடத்தில் நீர் கசிந்து தேங்கும். வென்டிலேட்டர் காற்று காதைக் கெடுத்ததோ என்று பயப்படாதீர்கள். அது தொண்டைத் துளை வழியாக நேரே நுரையீரலுக்குப் போகிறது.

ஜிபிஎஸ் தாக்குவது மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளை. ஆள் அசையாமல் கிடந்தாலும் அறிவு பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். முன்னால் நின்றால் கண் மலர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இதே நிலையில் இருந்த ஒருவரை ஒருமுறை பார்க்கப் போனேன். ட்யூனிங் ஃபோர்க் என்ற இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தேன், சலனமே இல்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் அதன் அடியை வைத்ததும் புருவம் மேலே போனது. எலும்பு வழியாகப் போகும் ஒலி, நீர் தேங்கிய நடுக்காதைத் தாண்டி உள்காதை எட்டிவிடும். அவர் மனைவி அங்கேயே அழுதுவிட்டார். இத்தனை நாள் அவர் காதுக்கு எட்டாமலே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனாலும் கூப்பிட்டால் பதில் இல்லை என்பதை இன்றே ஐசியூ டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருந்து, நோய்த்தொற்று, ரத்தத்தில் உப்புக் குறைவு இவற்றையும் அவர் பார்க்க வேண்டும். கூடவே காது மூக்கு தொண்டை டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும், டிம்பனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையும் படுக்கையிலேயே முடிந்துவிடும். நீர் இருந்தால், விழுங்கும் சக்தி திரும்பி மூக்குக் குழாயும் வெளியே வந்தபின் பெரும்பாலும் தானாக வற்றும். வற்றாவிட்டால் பறையில் சின்னக் கீறல் போட்டு வடித்துவிடலாம். காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தாலும் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். சீழ் அங்கே ஒளிந்திருக்கலாம்.

இன்னொன்று. அமிக்காசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். அது உள்காதைக் கெடுக்கக்கூடியது. அந்தச் சேதம் நீரைப் போல வற்றிச் சரியாகாது. நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

அதுவரை அவர் கண்ணுக்கு நேரே வந்து, மாஸ்க்கை இறக்க அனுமதித்தால் இறக்கி, உதடு தெரியப் பேசுங்கள். சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். ‘ஆம்’ என்றால் ஒருமுறை, ‘இல்லை’ என்றால் இருமுறை கண் சிமிட்டச் சொல்லுங்கள். முதல் கேள்வியாக, காது அடைத்திருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.