வாசகர் கேள்வி, ஐயா பதில்: பிடியரிசிப் பானை ஏன் காலியானது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. கோவில் கட்டட நிதிக் கணக்கை வைத்திருந்தவர் அதிலிருந்து 80,000 ரூபாயை எடுத்துச் செலவழித்துவிட்டார். கமிட்டியார் கண்டுபிடித்தார்கள். பாதியைக் கட்டிவிட்டார், மீதிக்குத் தவணை. "வெளியே தெரிந்தால் சபைக்கு அவமானம், பாவம் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள காரியம்" என்று சொல்லி மூடிவிட்டார்கள். என் கணவர் கமிட்டியில் இருப்பதால் எனக்குத் தெரியும். போன வாரம் பிள்ளைகளுக்கு வேதத்திலுள்ள ஆகான் கதை பாடம். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், திருடினது ஆகான்தானே, அப்புறம் ஏன் வேற 36 பேர் செத்தாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் சகோதரி)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லுவோம். அவன் கேட்டதில்தான் உங்கள் கேள்வியும் இருக்கிறது.

அந்த 36 பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள், பூசி மெழுக வேண்டாம். யோசுவா 7ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். எரிகோ பட்டணத்தில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆண்டவர் விலக்கியிருந்தவற்றிலிருந்து ஆகான் எடுத்தது ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம். கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்து வைத்தான். அதன்மேல்தான் அவன் வீட்டார் படுத்து எழுந்தார்கள். ஆயி பட்டணத்துக்குப் போன 3,000 பேருக்கு அந்தக் குழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களில் 36 பேர் திரும்பி வரவில்லை. அப்போது ஆண்டவர் யோசுவாவிடம் "ஆகான் பாவம் செய்தான்" என்று சொல்லவில்லை, "இஸ்ரவேலர் பாவம் செய்தார்கள்" என்றார்.

இதை வைத்து, ஒருவன் செய்ததற்கு இன்னொருவனை ஆண்டவர் தண்டிப்பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அவனவன் பாவத்துக்கு அவனவனே பொறுப்பு என்று உபாகமம் 24:16 தெளிவாகச் சொல்கிறது. ஆகானுடைய பிள்ளைகளும் அவனோடு மாண்டதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனது கனக்கிறது, அதைச் சுலபமாக விளக்கிவிட நான் முயலமாட்டேன். ஆனால் குற்றம் ஒருவனுடையதாக இருந்தாலும், அதன் அடி யார்மேல் விழும் என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. குடிக்கிற அப்பா உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம், கவனமாகப் பேசுங்கள்.

இனி உங்கள் சபைக் காரியம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால்தான் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

1984இல் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு குருவின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பில், இளம் குருவாக இருந்தேன். பனைத்தொழிலாளிகள் அதிகம் உள்ள ஊர். பெண்கள் உலை வைக்கும்போது அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரையில் தனியாக வைத்திருக்கும் சின்னப் பானையில் போடுவார்கள். அதுதான் பிடியரிசிக் காணிக்கை. அரைவயிறு சாப்பிடுகிற வீட்டிலும் அந்தப் பிடி தப்பாது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கோவில் வாசலில் ஏலம் விடுவோம். மாதம் ஒன்றரை மூட்டை வரும். அந்த ஏலப் பணத்தை வைத்திருந்த பெரியவர் 2,400 ரூபாயை எடுத்துவிட்டார். வீட்டில் கஷ்டம், மகளுக்கு வைத்தியச் செலவு. நானும் கமிட்டியாரும் ஒரு ராத்திரி கோவில் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசி, நிலத்தை ஒத்திக்கு வைத்து அவர் பணத்தைக் கட்டியதும், நோட்டில் நான் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஆறு மாதத்தில் பிடியரிசி அரை மூட்டையாகக் குறைந்தது. மழை இல்லாத வருஷம், அதனால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் ஒரு விதவைத் தாயாரின் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். அடுப்பங்கரையில் அந்தச் சின்னப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. பார்த்துவிட்டேன் என்று அந்த அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "ஐயா, நான் ஆண்டவருக்குத்தான் போடுதேன். எடுக்கது யாருன்னு தெரியலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அறைக்குள் பேசிய பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. 2,400 ரூபாய் டீக்கடையில் 20,000 ஆகியிருந்தது. குருவாகிய எனக்கும் அதில் பங்கு உண்டு என்றுகூடப் பேச்சு. நான் உண்மையைச் சொல்லாததால் அந்தப் பேச்சை மறுக்க எனக்கு வாயில்லாமல் போயிற்று.

கமிட்டியில் இருந்த எங்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தத் தாயாருக்குத்தான் நஷ்டம். ஆண்டவருக்குக் கொடுக்கிறேன் என்று அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நாங்கள் பறித்துவிட்டோம். ஆகான் கதையில் அந்த 36 பேர் யார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் தெரியுமா? முதலில் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் வருவதை நிறுத்தினார். அப்புறம் கடைசிப் பெஞ்சுக்குப் போனார். அப்புறம் கோவிலுக்கே வரவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சபையார் முக்கால்வாசிப் பேர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. பதினாறு வருஷம் கழித்து, வேறு ஊரில் இருந்த அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தார். "ஐயா, அன்னைக்கே என்னைச் சபைக்கு முன்னால நிறுத்தியிருந்தா ஒரு நாள் அவமானத்தோட போயிருக்கும்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பாவத்தை நாங்கள் வெளியே சொல்லாததால், அவரை மன்னித்துவிட்டோம் என்று சொல்லவும் எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

நம் பேச்சில் 'பாவம்' என்ற சொல்லையே பாருங்கள். "பாவம், அந்தப் பிள்ளை" என்று இரக்கத்துக்கும் அதையே சொல்கிறோம். அந்த இரக்கம் நல்லது, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கமிட்டியார், "பாவம், மனுஷன் கஷ்டத்தில் எடுத்துவிட்டார்" என்று சொல்லும்போது அந்த இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தை வாசியுங்கள். அங்கே ஒருவன் தன் தகப்பன் மனைவியோடு வாழ்ந்தான். பவுல் அவனைக் கண்டித்தது கொஞ்சம், அதைச் சகித்துக்கொண்டு பெருமையாக இருந்த சபையைக் கண்டித்ததுதான் அதிகம். "கொஞ்சம் புளித்தமா பிசைந்தமா முழுவதையும் புளிப்பாக்கும்" என்கிறார். தோசைமாவு அரைக்கிற யாருக்கும் இது தெரியும். பழைய மாவு ஒட்டிய பாத்திரத்தைக் கழுவாமல் புது மாவை ஊற்றினால் விடிவதற்குள் எல்லாம் புளித்துவிடும், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தாலும் சரி.

அதே பவுல் இரண்டாம் நிருபத்தில், தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றி, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறார். இரண்டும் ஒரே ஆளா, வேறு ஆளா என்பதில் வேதபண்டிதர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. யாராக இருந்தாலும், கண்டிக்கத் தெரிந்த சபைக்குத்தான் அப்படிச் சேர்த்துக்கொள்ளவும் சொல்ல முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஞாயிறு பள்ளி ஆசிரியைகளிடமோ, பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ இதைப் பேசாதீர்கள். உங்கள் கணவரிடம் பேசுங்கள். அவர் முதலில் அந்த மனிதரைத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன முதல் படி அது, அதைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் அனுமதி இல்லை. 390ஆம் ஆண்டில் தெசலோனிக்கேயில் ஜனங்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தியடோசியுவுக்கு மிலான் பேராயர் அம்புரோஸ் முதலில் எழுதியதுகூட ஒரு தனிக் கடிதம்தான். அதில் மனந்திரும்பும்வரை திருவிருந்து கொடுக்க முடியாது என்று பேரரசரிடமே சொன்னார். தியடோசியு சபைக்கு முன்பாக மனஸ்தாபப்பட்டார், அந்த வருஷக் கிறிஸ்துமஸில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அதன்பிறகு கமிட்டியில், கட்டட நிதியின் முழுக் கணக்கையும் சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்கட்டும். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு திரும்பி வந்தது, மீதி எப்போது வரும் என்ற மூன்றையும் சொல்லட்டும். அந்த மனிதரே எழுந்து சொன்னால் இன்னும் நல்லது, இரண்டு வாக்கியம் போதும். பொறுப்பிலிருந்து அவர் விலக வேண்டும். அன்று சாயங்காலமே இரண்டு மூப்பர்கள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். என் பெரியவர் வீட்டுக்கு அந்தப் பதினாறு வருஷத்தில் யாரும் போகவில்லை, நானும் போகவில்லை.

கேள்வி: சபைக்குள் நடக்கிற காரியத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுகிறார்களே, எல்லாக் காரியத்துக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அங்கே பவுல் பேசுவது சகோதரர்களுக்குள் வருகிற சொத்து, கொடுக்கல் வாங்கல் வழக்குகளைப் பற்றி. பிள்ளைகள்மேல் யாராவது கை வைத்தால், அவர் ஊழியராக இருந்தாலும் சரி, சபைக்குள் பேசி முடிக்கிற காரியம் அல்ல அது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர்கள் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். "மன்னித்துவிடு" என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுகிற பெரியவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. போலீஸ் நிலையத்துக்குப் போங்கள், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்த என் தங்கையைச் சபை ஒழுங்கு என்று சொல்லித் திருவிருந்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையன் ஞானஸ்நானம் பெற்றவன்தான். வரதட்சணை வாங்கியவர்களெல்லாம் முன்வரிசையில் முழங்காலிடுகிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை, அம்மா. உங்கள் தங்கை செய்தது பாவமே இல்லை. அவளை நிறுத்தி வைத்ததுதான் பாவம், அதைச் செய்தது சபை.

1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதற்குச் சம்மதிக்காமல் சபையைவிட்டே போனார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் என்று இருக்கிறது. கொரிந்துவில் பணக்காரர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்துவிட்டுத்தான், திருவிருந்தில் சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் புசிக்கிறவனைப் பற்றிப் பவுல் அவ்வளவு கடுமையாக எழுதினார். அந்த வசனத்தை உங்கள் ஊரில் யாருக்கு எதிராக வாசிக்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் பேராயருக்கு எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதினால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தங்கையின் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகளின் நகலை இணைத்து அனுப்புங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிறு அன்று அவளைத் தனியாக விடாதீர்கள், நீங்களும் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.