பெரிய கண்டுபிடிப்பாளராகவும் நல்ல குடும்பஸ்தராகவும் ஒருசேர வாழ்ந்த பொறியாளர் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். வில்சன் கிரேட்பேட்ச். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் 1919-ல் பிறந்தவர். 2011-ல் 92 வயதில் காலமானார். இதயத்தைத் தாளம் தவறாமல் துடிக்க வைக்க உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை ஊர் உலகம் நம்பி வைத்துக்கொள்ளும் கருவியாக ஆக்கியவர் அவர்தான்.

என் அம்மா நெஞ்சில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். இந்த இரண்டு காரணங்களாலும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். 1950-களின் பின்பாதியில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இதய ஒலிகளைப் பதிவு செய்ய ஒரு சர்க்யூட் செய்துகொண்டிருந்தார். பெட்டியில் கைவிட்டு ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, எடுத்து வைத்தார். வைக்க வேண்டியது 10 கிலோ ஓம், கையில் வந்தது அதைப்போல நூறு மடங்கு, 1 மெகா ஓம். சர்க்யூட் ஒரு கணம் துடித்தது, அப்புறம் அடங்கியது, மறுபடி துடித்தது. துடிப்பு 1.8 மில்லிசெகண்ட், இடைவெளி ஏறக்குறைய ஒரு செகண்ட். இதயத்தின் தாளமே அதுதான். 'தவறுதலாகப் பிறந்த கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டு இதோடு கதையை முடித்துவிடுவார்கள்.

எனக்கு அது போதவே போதாது. தப்பான ரெசிஸ்டரை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்திருக்கலாம். அந்தத் துடிப்பைப் பார்த்த உடனே அது எதற்கு உதவும் என்று அவருக்குத் தெரிந்ததே, அதற்குப் பின்னால் பல வருஷம் இருக்கிறது. அதற்கு அடுத்து வந்த வருஷங்களோ அதைவிடப் பெரியவை. அங்கேதான் அவருடைய குடும்பம் வருகிறது.

முதலில் முந்தைய கதை. பதின்ம வயதிலேயே அமெச்சூர் ரேடியோவில் இறங்கியவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, ரேடியோ இயக்குபவராகவும் விமானத்தின் பின் துப்பாக்கிக்காரராகவும் இருந்தார். 1945-ல் எலினாரைத் திருமணம் செய்துகொண்டார். போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசு கொடுத்த கல்வி உதவியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து 1950-ல் பட்டம் வாங்கினார். அதாவது, கையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு படித்த ஆள்.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தின் விலங்குப் பண்ணையில் ஆடுகளுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளக்கும் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே வந்திருந்த அறுவை மருத்துவர்களோடு மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பேசுவார். அவர்கள் 'ஹார்ட் பிளாக்' பற்றிச் சொன்னார்கள்.

இதை நான் அம்மாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இதயத்தின் மேல் அறையில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் மின் சைகையைக் கிளப்பிவிடுகிறது. அந்தச் சைகை நடுவில் இன்னொரு முடிச்சு வழியாகக் கீழ் அறைகளுக்குப் போக வேண்டும். நடுவில் வழி அடைபட்டால் மேல் அறை சரியாகவே அடிக்கும், கீழ் அறைக்குத் தகவல் போகாது. கீழ் அறை தன்னால் முடிந்த வேகத்தில், நிமிஷத்துக்கு முப்பது, நாற்பது என்று அடித்துக்கொண்டிருக்கும். சில சமயம் அதுவும் சில விநாடிகள் நின்றுபோகும். அப்போதுதான் ஆள் மயங்கி விழுவது. அம்மா இரண்டு முறை அப்படி விழுந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

இந்த நோயைப் பற்றிக் கேட்டதும் கிரேட்பேட்சுக்கு இது மின் பொறியாளர் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்று பட்டுவிட்டது. ஆனால் அது 1951. கையில் இருந்தது வெற்றிடக் குழாய்கள்தான். அவற்றையும் அவற்றுக்கு வேண்டிய பேட்டரியையும் உடலுக்குள் வைக்க வழியே இல்லை. சரி என்று மனதில் போட்டு வைத்தார். அந்தக் குழாய்களின் வேலையைச் செய்யும் சின்னஞ்சிறு சிலிக்கான் டிரான்சிஸ்டர் சந்தைக்கு வந்த பிறகு அந்தத் தப்பான ரெசிஸ்டர் கைக்கு வந்தது. பல வருஷம் காத்திருந்த கேள்விக்கு மேஜை மேல் பதில் துடித்தது.

அப்போது பேஸ்மேக்கர் என்ற எண்ணமே இல்லாமல் இல்லை. 1952-ல் பால் சோல் என்ற மருத்துவர் வெளியிலிருந்து நெஞ்சின் மேல் மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைத்தார். சுவரில் பிளக் சொருகி வேலை செய்யும் பெட்டி அது. தோல் வழியாகப் போகும் அதிர்ச்சியின் வலி நோயாளியால் தாங்கக்கூடியதாக இல்லை. 1957-ல் ஏர்ல் பேக்கன் பேட்டரியில் ஓடும் சிறிய கருவியைச் செய்தார். ஆனால் பெட்டி வெளியே இருக்கும், கம்பி தோலைத் துளைத்து உள்ளே போகும். 1958 அக்டோபரில் சுவீடனில் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் செய்த கருவியை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் முதன்முறையாக ஒரு மனிதருக்குள் வைத்தார், அது சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே 'முதலில் யார்' என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. உள்ளே வைத்ததை வருஷக்கணக்கில் ஓட வைத்தது யார் என்பதுதான் நோயாளிக்கு முக்கியம்.

கிரேட்பேட்ச் தன் யோசனையைப் பஃபலோவில் போர் வீரர்களுக்கான மருத்துவமனையில் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் சார்டாக்கிடம் சொன்னார். இது மட்டும் நடந்தால் வருஷத்துக்குப் பத்தாயிரம் உயிர்களைக் காப்பாற்றலாம் என்றாராம் அவர். மூன்றே வாரத்தில், 1958 மே 7 அன்று, சார்டாக்கும் ஆண்ட்ரூ கேஜும் ஒரு நாயின் இதயத்தில் கம்பிகளை வைத்தார்கள். இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட சின்னக் கருவி, அந்த இதயம் அதன் சொல்படி துடித்தது.

நான்கு மணி நேரம்தான். கருவியைச் சுற்றியிருந்தது சாதாரண எலக்ட்ரிக்கல் டேப். உடலின் திரவம் உள்ளே புகுந்துவிட்டது. மனித உடலின் உட்புறம் கடலடியையும் விண்வெளியையும் விட மின்னணுக் கருவிக்குப் பகையான இடம் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றார்கள். டேப் போய் எபாக்சி என்ற பிசின் உறை வந்தது. அடுத்த ஒரு வருஷத்தில் விலங்குகளில் கருவி மாதக்கணக்கில் ஓட ஆரம்பித்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

இதை முழு நேரமாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தபோது அவரிடம் 2,000 டாலர் ரொக்கம் இருந்தது. அது தவிர, குடும்பம் இரண்டு வருஷம் சாப்பிடுவதற்கு வேண்டிய பணம் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஐந்து குழந்தைகள் உள்ள குடும்பம். வேலையை விட்டார். குடும்பப் பணத்தை அப்படியே எலினார் கையில் கொடுத்தார். தன் பங்குக்கு அந்த 2,000 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளாரன்ஸ் என்ற ஊரில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனார். விறகு எரித்துச் சூடேற்றும் கொட்டகை. அங்கே இரண்டு வருஷத்தில் 50 பேஸ்மேக்கர்களைக் கையாலேயே செய்தார். 40 விலங்குகளுக்கு, 10 மனிதர்களுக்கு. யாரிடமும் நிதி உதவி கேட்கவில்லை.

இந்தப் பணக் கணக்கை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. கனவுக்காக வீட்டு நகையை அடகு வைத்தவர்களைப் பற்றியும், பிள்ளைகள் பட்டினி கிடந்ததைப் பற்றியும் நாம் பெருமையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இவர் ஆராய்ச்சிப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்கவே இல்லை. தோற்றால் தன் 2,000 போகட்டும், பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று கோடு கிழித்துவிட்டுத்தான் இறங்கினார். எனக்கு அந்த ரெசிஸ்டரை விட இந்தக் கோடுதான் பெரிதாகத் தெரிகிறது.

எலினார் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கவில்லை. சோதனை வேலையில் பெரும்பகுதி அவருடையது. அன்றைய டிரான்சிஸ்டர்களை நம்ப முடியாது. உள்ளே ஏதாவது தளர்ந்திருந்தால் சும்மா இருக்கும்போது சரியாக வேலை செய்யும், ஒரு தட்டு தட்டினால் அளவு மாறிவிடும். நெஞ்சுக்குள் போகப்போகும் பொருளுக்கு அது ஆகாது. அதனால் ஒவ்வொன்றையும் மீட்டரில் இணைத்து, மரப் பென்சிலால் தட்டி, மின் சைகையைப் பெருக்கும் அதன் திறன் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் வைத்துச் சோதிக்க இரண்டு சூட்டடுப்புகளையும் வைத்திருந்தார்கள். எங்கே தெரியுமா? படுக்கையறையில். பல காலைகளில் எலினார் டொக் டொக் என்று டிரான்சிஸ்டர்களைத் தட்டும் சத்தத்தில்தான் தான் கண் விழித்ததாகக் கிரேட்பேட்சே எழுதியிருக்கிறார். பிற்பாடு இந்தக் கருவியைத் தயாரித்த மெட்ரானிக் நிறுவனத்திலிருந்து சில மாதங்கள் உலகம் முழுக்கப் போன பேஸ்மேக்கர்களில் இருந்த ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அந்தப் படுக்கையறையில் பென்சில் தட்டு வாங்கிய பிறகே போனது. எலினார் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1960-ல் மனிதர்களுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். முதல் நோயாளி 77 வயது முதியவர். அவர் அதற்குப் பிறகு 18 மாதம் வாழ்ந்தார். 1961-ல் பேக்கனின் மெட்ரானிக் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். வடிவமைப்பில் எதை மாற்றினாலும் தன் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். 1962-ல் காப்புரிமை வந்தது.

அதோடு நின்றிருந்தாலே அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவருக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பாதரச பேட்டரி இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அறுவை சிகிச்சை என்றால் வயதானவர்களுக்கு எவ்வளவு கொடுமை! அந்த பேட்டரி வாயுவையும் வெளிவிடும் என்பதால் கருவியைக் காற்றுப் புகாமல் அடைக்கவும் முடியாது. புளூட்டோனியம் பேட்டரி வரை முயன்று பார்த்தார். 1970-ல் சொந்த நிறுவனம் தொடங்கி, வேறொரு நிறுவனத்தில் உருவாகியிருந்த லித்தியம்-அயோடின் பேட்டரியை எடுத்து இந்த வேலைக்கு ஏற்றதாக மாற்றினார். வாயு வராது, ஆகவே உலோக உறையில் முழுதாக அடைத்து வெல்ட் செய்துவிடலாம். தீரும்போதும் சட்டென்று சாகாது, மின்னழுத்தம் மெதுவாக இறங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். ஆயுளும் இரண்டு வருஷத்திலிருந்து பத்து வருஷம் பக்கம் போயிற்று. 1972-லிருந்து நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு அந்த நிறுவனத்தை அவர் மகன் ஒருவர் நடத்தினார்.

இந்த 'மெதுவாக இறங்கும்' குணத்தை நான் கண்ணால் பார்க்கிறேன். அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனால், டெக்னீஷியன் ஒரு வட்டமான சோதனைக் கருவியைக் காறை எலும்புக்குக் கீழே, தோல் லேசாக மேடிட்டிருக்கும் இடத்தில் வைப்பார். திரையில் இசிஜி கோடு ஓடும். பேஸ்மேக்கர் சைகை கொடுக்கும் இடத்தில் எல்லாம் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு, அதை ஒட்டியே இதயத்தின் பதில். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பார். அம்மா உடனே, "இப்பப் படபடங்குதுப்பா" என்பார். திரையின் ஓரத்தில் பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று காட்டும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்ப்பார். கருவி சட்டென்று நின்றுவிடாது, முன்னாலேயே சொல்லிவிடும் என்ற அந்தத் தைரியம்தான் எங்கள் வீட்டில் எல்லோரையும் தூங்க வைக்கிறது.

பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் இடம், 1990-ல் குடியரசுத் தலைவர் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், பெயரில் 150-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். எனக்குப் பிடித்தது அவர் பிற்காலத்தில் செய்தவை. சூரிய ஒளியில் ஓடும் படகு ஒன்றைச் செய்து, தன் 72-வது பிறந்தநாளையொட்டி நியூயார்க் மாநிலத்து ஏரிகளில் 160 மைல் போனார். எய்ட்ஸ் வைரஸைத் தடுக்கும் வழியைத் தேடி மரபணு ஆராய்ச்சியிலும் இறங்கினார். ஞாயிறுகளில் தேவாலயத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகளிடம் அவர் பேசியது பெரும்பாலும் தோல்வியைப் பற்றித்தான். பத்து முயற்சியில் ஒன்பது உருப்படாது, பத்தாவது மற்ற ஒன்பதுக்கும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

எலினார் 2011-ன் தொடக்கத்தில் காலமானார். அறுபத்தாறு வருஷ மண வாழ்க்கை. அதே வருஷம் செப்டம்பர் 27-ல் இவரும் போனார்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவருடைய 1962 காப்புரிமையை இணையத்தில் தேடிப் பாருங்கள். எண் 3,057,356, இலவசமாகவே கிடைக்கும். சர்க்யூட் படத்தைக் கல்லூரி இரண்டாம் வருஷப் பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு செகண்டுக்கு ஒரு முறை ஒளிரும் எல்இடியை வைத்து அதே தாளத்தைப் பிரெட்போர்டிலும் செய்து பார்க்கலாம். நான் செய்து அம்மாவிடம் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்.