தொட்டிக்குள் இறங்கும் முன்

கேள்வி: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் பையன்கள், இறங்குவதற்கு அனுமதி தரும் பெர்மிட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ‘இத்தனை வருஷம் இறங்கினோம், என்ன ஆச்சு?’ என்கிறார்கள். ஹேசாப் (HAZOP) என்ற ஆபத்து ஆய்வு செய்தால் சரியாகுமா?

பதில்: ஹேசாப் உங்களுக்குத் தேவைப்படாது. 1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறை அது. ரசாயன ஆலையின் வரைபடத்தை விரித்து வைத்து, ஒவ்வொரு குழாயிலும் ‘ஓட்டம் கூடினால்? நின்றுபோனால்? திரும்பி வந்தால்?’ என்று கேட்டுக்கொண்டே போவார்கள். உங்களுக்கு ஜே.எஸ்.ஏ. (Job Safety Analysis, வேலைப் பாதுகாப்பு ஆய்வு) போதும். வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன தப்பு நடக்கலாம் என்று எழுதுவது. முதல் கேள்வியே ‘இறங்கித்தான் ஆகணுமா?’ மேலிருந்தே பம்பு வைத்து எடுக்க முடிந்தால் இறங்க வேண்டாம். இதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதாதீர்கள். தொட்டி ஓரத்தில், இறங்குகிறவர்களோடு நின்று எழுதுங்கள்.

நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஓர் ஆலையில் அப்படி எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு பெரியவர் சொன்னார்: “சார், புளோயர் ஹோஸ் வாசல்லயே நின்னுடுது. அடிக்குக் காத்தே போகல. சேத்தைக் கிளறினா தலை சுத்துது.” ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, சேற்றில் அடைபட்டிருந்து, கிளறும்போது கிளம்பும். அழுகிய முட்டை வாடையை நம்பவும் முடியாது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துவிடும். அன்றிலிருந்து காற்றடிக்கும் ஹோஸ் அடிவரை போனது. இறங்கும் முன் வாயுவை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்த்தோம். வேலை முடியும்வரை அது இறங்கியவர் சட்டையிலேயே இருந்தது.

அந்தப் பெரியவர் அதுவரை வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. முன்பு தலை சுற்றி ஏறி வந்த ஒருவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் பையன்களும் இப்படி எதையாவது பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ‘பாதியில் ஏறி வந்தாலும் முழுச் சம்பளம்’ என்று முதலாளியையே எல்லோர் முன்னாலும் சொல்ல வையுங்கள்.

அப்புறம் கயிறு. விழுந்தவரைத் தூக்கக் குதித்துத்தான் இரண்டாவது ஆளும் சாகிறார். 1948-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே சொல்லியிருந்தது: ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவருக்கு மூச்சுக் கருவி, பெல்ட், கயிறு, கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். சான்று இருந்தாலும் பெல்ட்டையும் கயிற்றையும் விடாதீர்கள். கயிறு பிடிப்பவருக்கு வேறு வேலை கொடுக்கவே கூடாது. டீ வாங்கக்கூட அவரை அனுப்பாதீர்கள்.