பன்றி வளர்ப்பு கேள்வி பதில்: வளர்ச்சியும் இறைச்சியும் எந்த மரபணுவில்?

ஹட்டன்: ஐயா, மரக்கறித் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றியோடு சேர்ந்து எங்கள் பெண் பன்றி குட்டி போட்டால், அந்தக் குட்டிகள் நன்றாக வளருமா?

வளர்ச்சி குறையும், தம்பி. சுவீடனில் இதைச் செய்தே பார்த்தார்கள். இரண்டு ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளை லார்ஜ் வைட் என்ற வீட்டுப் பன்றி இனத்தின் எட்டுப் பெண் பன்றிகளோடு சேர்த்து, பேரக்குட்டிகள் 200 எடுத்தார்கள். ஏன் பேரக்குட்டி? முதல் தலைமுறையில் எல்லாக் குட்டியும் பாதி காடு, பாதி வீடு. அடுத்த தலைமுறையில்தான் சீட்டைக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு துண்டு விழும். எடை, கொழுப்பு, சிறுகுடலின் நீளம் எல்லாம் அளந்து, எந்தக் குட்டிக்கு எந்தத் துண்டு காட்டிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டார்கள். 1994இல் முடிவு வெளியானது: நாலாம் நிறமூர்த்தத்தில் ஓர் இடம். நிறமூர்த்தம் என்றால் உயிரணுவுக்குள் மரபணுக்கள் வரிசையாக இருக்கும் இழை. அந்த இடம் காட்டு வழியில் வந்த குட்டிகள் மெதுவாக வளர்ந்தன, கொழுப்பு கூடப் போட்டன, குடலும் குட்டை. மரபணு வரைபடம் என்பது இதுதான். தோட்டத்தில் எந்த டிவிசன் என்று காட்டுவது மாதிரி, மரபணு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டிவிடும். எந்த லயம் (வீட்டு வரிசை), எந்தக் காம்பரா (அறை) என்று கண்டுபிடிக்க இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

பண்டாரவளை: அண்ணன், நல்ல ஆண் பன்றிக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். தாய் நல்லதாக இருந்தால் போதாதா?

போதாது, தங்கச்சி. இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஐ.ஜி.எஃப். 2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தசை 3 முதல் 4 வீதம் கூடுகிறது என்று 2003இல் காட்டினார்கள். தகப்பன் கொடுத்த பிரதிதான் அங்கே வேலை செய்யும். தாய் கொடுத்தது தசையில் அடங்கிக் கிடக்கும். குட்டி எண்ணிக்கைக்கும் பாலுக்கும் தாயைப் பாருங்கள், தசைக்குத் தகப்பனைப் பாருங்கள்.

தலவாக்கலை: ஐயா, லொறியில் கீழே அனுப்பும்போது ஒன்றிரண்டு செத்துவிடுகிறது. மிச்சத்தின் இறைச்சியும் வெளிறி, தண்ணீர் விடுகிறது.

இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டையும் பாருங்கள். ஆறாம் நிறமூர்த்தத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது, 1991இல் கண்டுபிடித்தார்கள். பியட்ரேன் இனத்தில் அதிகம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது வந்த பன்றி பயந்தால், தசைக்குள் கல்சியம் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். உடம்பு சூடேறி, அப்படியே விழுந்துவிடும். விழாமல் தப்பினாலும், அறுத்த பிறகு உடல் சூடாக இருக்கும்போதே இறைச்சி புளித்துவிடும். புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். 45 நிமிடத்தில் 6க்குக் கீழே போனால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) தண்ணீர் வடியும். இதே கோளாறு கொழுப்பில்லாத நல்ல தசையையும் தருவதால், ஒரு காலத்தில் வளர்ப்பவர்கள் தெரியாமலே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

ஆனால் மரபணு சுத்தமாக இருந்தாலும், வளைவு வளைவாக இறங்கும் ரோட்டில் நெருக்கி ஏற்றி, அடித்து இறக்கினால் அதே வெளிறல்தான் வரும். விடியற்காலைக் குளிரில் அனுப்புங்கள். ஏற்றுவதற்கு முன் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இறக்கிய பிறகு இரண்டு மணி நேரமாவது படுக்க விடுங்கள்.

பதுளை: என்னிடம் எட்டுப் பன்றிதான். டி.என்.ஏ. பரிசோதனை தேவையா?

வேண்டாம். தராசும் கொப்பியும் போதும். காதில் அடையாளம் போட்டு, யாருடைய குட்டி, பால் மறந்தபோது எத்தனை கிலோ, விற்றபோது எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அப்புறம், ஒரே ஆண் பன்றியை அதன் மகள்களோடு சேர்க்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ப்பவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். நோய் இல்லை என்று மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு, சில வாரம் தனிக் கொட்டிலில் வைத்துப் பார்த்த பிறகு உங்கள் பன்றிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.