அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் தலைசிறந்த வீரர் யார்: அல்சிண்டரா, வால்டனா?

ஒரே ஆட்டத்தை வைத்துக் கேட்டால், தயங்காமல் பில் வால்டன் என்பேன். 1973 தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் மெம்ஃபிஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக 22 முறை எறிந்து 21 முறை கூடையில் போட்டார்; மொத்தம் 44 புள்ளிகள்!

ஆனால் கல்லூரிக் காலம் முழுவதையும் எடைபோட்டால் லூ அல்சிண்டர்தான், அதாவது பின்னாளைய கரீம் அப்துல் ஜப்பார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அன்று அனுமதியில்லை. கிடைத்த மூன்று பருவங்களிலும் (1967 முதல் 1969 வரை) தேசியச் சாம்பியன் பட்டம் வென்றார். 88 வெற்றி, 2 தோல்வி. முதல் பட்டத்துக்குப் பின் பந்தைக் கூடைக்குள் அறையும் ‘டங்க்’ முறையையே தடைசெய்தார்கள். அப்போதும் அவரை நிறுத்த முடியவில்லை.

வால்டனுக்கு இரண்டு பட்டங்கள்தாம். பயிற்சியாளர் ஜான் வுடன் இருவருக்கும் பொது. அவரைக் காட்டி எவர் பெருமையையும் குறைக்க இயலாது.