பிரிதகட்டின் விளிம்பில் பிறக்கும் சுழல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விநாடிக்கு 15 மீட்டர், 9 மீட்டர் வேகமுள்ள இரண்டு காற்றோட்டங்கள் அவற்றைப் பிரித்து நிற்கும் பிரிதகட்டைத் தாண்டிக் கலப்பதைக் கணினியில் பெருஞ்சுழல் முறையில் (பெரிய சுழல்களை நேரடியாகவும் சிறியவற்றை மாதிரியாலும் கணக்கிடும் முறை) கணக்கிடுகிறேன். நுழைவாயிலில் சராசரி வேகத்தின்மேல் எழுந்தமான இரைச்சலைச் சேர்த்தேன். குறுக்கே கிடக்கும் உருளைச் சுழல்கள் வருகின்றன. ஆய்வகத்தில் நிலையாகத் தெரியும் நீளவாக்குச் சுழல்கள் வரவில்லை. வலைக்கண்ணைப் பாதியாக்கியும் பயனில்லை. (ஆய்வு மாணவி)

பதில்: வலைக்கண்ணை விடுங்கள், இரைச்சலைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நேரப்படிக்கும் தொடர்பில்லாத எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி வலைக்கண் அளவு நெளிவுகளில் இருப்பதால் சில கட்டங்களுக்குள் தேய்ந்துவிடும். மிஞ்சும் மெல்லிய கலக்கம் உருளைகளுக்குப் போதும். வேகப் பரவலின் நிலையின்மையே அவற்றை ஊட்டி வளர்த்துவிடும். நிலையான நீளவாக்குச் சுழலுக்கோ, தகட்டின் அகலத்தில் ஒரே இடத்தில் விடாமல் இருக்கும் கலக்கம் வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் வலைத்திரையின் சிறு சுருக்கமோ அதில் ஒட்டிய தூசியோ அதைக் கொடுக்கிறது. உங்கள் இரைச்சல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், காலச் சராசரி எடுத்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

ஆகவே விளிம்புக்குச் சற்று முன்னால், அகலவாக்கில் பல புள்ளிகளில் அளந்த வேகத்தையே உள்ளே கொடுங்கள். தகட்டை ஒட்டி ஓடும் மெதுவான காற்றுப் படலம் (எல்லைப்படலம்) கொந்தளிப்பாக இருந்தால் அதைத் தனியே கணக்கிட வேண்டும்: கீழோட்டத் தளம் ஒன்றில் கிடைக்கும் வேகங்களைத் தடிப்புக்கேற்ப அளவு மாற்றி, நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்புவது நல்ல வழி. கணிப்புவெளியின் அகலம், கலப்படுக்கின் (இரு ஓட்டங்களும் கலக்கும் அடுக்கு) இறுதித் தடிப்பைப் போலச் சில மடங்காவது இருக்கட்டும். குறுகினால் சுழல்கள் செயற்கையாக இருபரிமாணமாகிவிடும்.

சரிபார்க்க ஒரு கணக்கு: கலப்படுக்கின் தொடக்க உந்தத் தடிப்பு (உந்தக் குறைவை ஒரு நீளமாகச் சொல்லும் அளவு) 0.5 மி.மீ. என்றால், முதல் உருளைகளின் இடைவெளி அதைப்போல் சுமார் 30 மடங்கு, அதாவது 15 மி.மீ. அளவில் வரவேண்டும். சராசரி வேகமான 12 மீட்டரில் அதன் அதிர்வெண் சுமார் 800 ஹெர்ட்ஸ். இரண்டிரண்டாக இணைந்தபின் பாதியாகும். அதிர்வெண் நிறமாலையில் இந்த முகடே தெரியாவிட்டால் மேற்கொண்டு எதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: தகட்டில், படலத்தைக் கொந்தளிக்கச் செய்யும் தடைக்கம்பி ஒட்டினால் கலப்படுக்கு வேகமாகப் பரவும் என்று எண்ணினேன். குறைந்துவிட்டதே? (ஆய்வகப் பொறியாளர்)

பதில்: அளவீடு சரியே. 1990-இல் பெல், மேத்தா இருவரும் வெளியிட்ட சோதனையிலும் கம்பியில்லாத தகட்டின் அடுக்கே அதிகமாகப் பரவியது. சீரோட்டமாக (கொந்தளிப்பின்றி) விளிம்பை விட்டு வரும் படலத்தில் நீளவாக்குச் சுழல்கள் வலுப்பெற்று, கூடுதல் காற்றை உள்ளிழுக்கின்றன. கம்பி ஒட்டினால் கொந்தளிப்பு அந்த ஒழுங்கைத் தொடக்கத்திலேயே கலைத்துவிடுகிறது.

கம்பியின் விட்டத்தைக் கவனியுங்கள். விட்டத்தைக் கொண்டு கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் ÷ காற்றின் இயக்கப் பாகுநிலை) 900-ஐ ஒட்டி இருக்கவேண்டும்: 15 மீட்டர் பக்கம் சுமார் 0.9 மி.மீ., 9 மீட்டர் பக்கம் 1.5 மி.மீ. இரு பக்கமும் மெல்லிய கம்பியையே ஒட்டி, மெதுவான பக்கம் சீரோட்டமாகவே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. சூடான கம்பி உணரியால் வடிவக் காரணியை (படலத்தின் இடப்பெயர்ச்சித் தடிப்புக்கும் உந்தத் தடிப்புக்கும் உள்ள விகிதம்) பாருங்கள். 2.6-க்கு அருகில் இருந்தால் சீரோட்டம், 1.4-க்கு அருகில் இருந்தால் கொந்தளிப்பு. சுரங்கத்தின் வலைத்திரையையும் பாருங்கள்: அதன் திறந்த பரப்பு 57 விழுக்காட்டுக்குக் கீழே போனால் துளைத் தாரைகள் ஒன்றுகூடி, அகலவாக்கில் வேகத்தைச் சீரற்றதாக்கிவிடும்.

அளவிடும் இடமும் முக்கியம். உந்தத் தடிப்பைப்போல் சுமார் 1000 மடங்கு தூரம் போனபிறகே அடுக்கு தன்னொத்த நிலையை (வடிவம் மாறாமல் தடிப்பு மட்டும் வளரும் நிலை) எட்டும் என்று 1966-இல் பிராட்ஷா காட்டினார். 0.5 மி.மீ.க்கு அது அரை மீட்டர். 20 செ.மீ.யில் எடுத்த பரவல் வீதம் உங்கள் தகட்டைப் பற்றித்தான் பேசும்.

கேள்வி: கொந்தளிப்பான படலத்திலிருந்து தொடங்கினால், 1974-இல் பிரவுனும் ரோஷ்கோவும் படமெடுத்த பெரிய உருளைகள் மறைந்துவிடுமா? (பேராசிரியர்)

பதில்: மங்கலாம். ஆனால் 1994-இல் ரோஜர்ஸ், மோசர் செய்த நேரடிக் கணிப்பில், கொந்தளிப்புப் படலத்தோடு அகலம் முழுக்க ஒரே மாதிரியான (இருபரிமாண) கலக்கத்தையும் கூட்டியபோது உருளைகள் தெளிவாக எழுந்தன.